இடைவெளியே இல்லை, ஆனாலும் ஓடுகிறது: வேர்டெக்ஸ் மாதிரியோடு என் அனுபவம்

வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு ஆய்வுக்கென்று பைதன் நிரல்மொழியில் எழுதத் தொடங்கிய வேர்டெக்ஸ் மாதிரியை (நெருங்கி ஒட்டிய கலங்களாலான இழையத்தைக் கணினியில் உருவகிக்கும் முறை), படிப்பு முடிந்த பிறகும் விடாமல் பாவித்து வருகிறேன். இழையங்களின் பௌதிகவியலில் கால் வைக்க நினைப்பவர்களுக்காக இந்தப் பகிர்வு.

மாதிரி எளிமையானதுதான். ஒவ்வொரு கலமும் ஒரு பல்கோணி. அதற்கு விருப்பமான ஒரு பரப்பளவும் சுற்றளவும் உண்டு. அவற்றிலிருந்து விலக விலகச் சக்தி ஏறும். கணினி மூலைகளை நகர்த்தி அந்தச் சக்தியைக் குறைக்கும். அவ்வளவுதான்.

விசித்திரம் இனித்தான். விருப்பச் சுற்றளவை விருப்பப் பரப்பளவின் வர்க்கமூலத்தால் வகுத்து வரும் எண்ணை 3.7 என்று வைத்தால் இழையம் திண்மம், தள்ளினால் எதிர்க்கும். 3.9 என்றால் திரவம் போல வழிந்து போகும். எல்லை ஏறக்குறைய 3.81 என்று 2015இல் பௌதிகவியலாளர் லிசா மானிங்கின் குழுவினர் காட்டினார்கள். (ஒழுங்கான ஐங்கோணிக்கும் இதே எண்தான்!) மணலோ மாவோ நெருங்கினால் இறுகும். இங்கே கலங்களுக்கு நடுவில் இடைவெளியே கிடையாது, இறுக்கத்தைத் தீர்மானிப்பது உருவம். மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தத்தன்று சனம் ஒருக்களித்து ஒருக்களித்து நகர்வதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அதே ஆண்டில் வந்த இன்னோர் ஆய்வில், ஆஸ்துமா உள்ளவர்களின் சுவாசக்குழாய்க் கலங்கள் இறுகிப்போக அதிக நாள் எடுத்தன.

எனக்குப் பிடித்தது கலங்கள் அண்டை மாறும் இடம். இரண்டு கலங்களுக்குப் பொதுவான விளிம்பு சுருங்கிச் சுருங்கி ஒரு புள்ளியாகும். அந்தக் கணத்தில் நான்கு கலங்கள் ஒரே இடத்தில் முட்டும். உடனே குறுக்கே புது விளிம்பு முளைக்கும், அதுவரை ஒட்டியிருந்தவை பிரியும். எந்த நீளத்துக்குக் கீழே சுருங்கினால் விளிம்பை மாற்றச் சொல்கிறீர்களோ, புது விளிம்பை அந்த நீளத்தை விடக் கொஞ்சம் நீளமாக வையுங்கள். இல்லையென்றால் அது முன்னும் பின்னும் புரண்டுகொண்டே இருக்கும், சக்தி வரைபடத்தில் பல் பல்லாக விழும்.

குறைகள்? தட்டையான படலத்துக்கு நல்லது, முப்பரிமாணத்துக்குப் போனால் நிரல் பெருத்துவிடும். கலங்கள் தாமாக ஊரத் தொடங்கினால் அந்த 3.81உம் கீழே இறங்கும். அதை மாறாத எண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கலங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி அலைவதைப் பார்க்க வேண்டுமென்றால் கம்பியூசெல்3டி (CompuCell3D) என்ற மென்பொருள் பக்கம் போங்கள். அதில் கலங்கள் புள்ளிக் கட்டங்களால் ஆனவை, இடைவெளியும் விடலாம்.

பழைய மடிக்கணினியே போதும். முதலில் நூறு கலங்களோடு ஓட்டுங்கள். கரண்ட் போகிற ஊரில் இடையிடையே சேமிக்கும் வரியை மறக்காமல் எழுதிவிடுங்கள்.