வினைலுக்கு அடியில் வெறும் புட்டிப் பூச்சு: ஃபைபர் கிளாஸ் ஸ்பீக்கர் பெட்டி செய்யக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

பழைய டிரக்கின் இருக்கைக்குப் பின்னால் வைக்க ஃபைபர் கிளாஸ் பெட்டி செய்யக் கொடுத்திருந்தால், மேலே வினைல் உறை ஒட்டும் முன்பே போய்ப் பார்த்துவிடுங்கள். ஒட்டிய பிறகு நல்லதும் கெட்டதும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

"முழுக்க ஃபைபர்" என்று சொல்லி முழுப் பணமும் வாங்கிக்கொண்டு கொடுத்த பெட்டி ஒன்று, சில வாரங்களிலேயே ஸ்பீக்கர் வளையத்தைச் சுற்றி விரிசல் விட்டது. அறுத்துப் பார்த்தால் வடிவத்துக்கு இழுத்துக் கட்டும் ஃப்ளீஸ் துணிக்கு ஒரு கோட் ரெசின் (இறுகிக் கெட்டியாகும் திரவப் பிசின்), உள்ளே ஒரே ஒரு அடுக்கு மேட் (கண்ணாடி இழை விரிப்பு), வெளியே விரல் தடிமனுக்குப் புட்டி. புட்டி மேடுபள்ளத்தை நிரவத்தான்; அதற்கு வலு கிடையாது. 10 அங்குல சப்வூஃபர் (பேஸ் ஸ்பீக்கர்) உள்ளே காற்றை அழுத்தும்போது மெல்லிய சுவர் வளைந்து கொடுக்கும், வளையத் தெரியாத புட்டி பிளக்கும்.

சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஓர் அடுக்கு சுமார் 1 மி.மீ. தான் வரும். சுவர் 6 மி.மீ. வேண்டுமென்றால் துணி போக உள்ளே 5 அடுக்காவது, ஒவ்வொன்றும் ரோலரால் காற்றுக் குமிழ் எடுத்துப் போட்டிருக்க வேண்டும். ஒயர் முனைக்குப் போட்ட துளையின் விளிம்பைப் பாருங்கள். தடிமன் அங்கே தெரிந்துவிடும்.

அவசர வேலையில் அடுத்து கெடுவது, ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னரின் அளவு. ஒரு லிட்டர் பாலியெஸ்டர் ரெசினுக்கு 10 முதல் 20 மி.லி. போதும். அதிகம் ஊற்றினால் ரெசின் கொதித்து, நொறுங்கும் பதத்தில் இறுகும். குறைந்தால் நாள்கணக்கில் பிசுபிசுப்பு, கேபின் முழுக்க நெடி. "எபாக்ஸி போட்டிருக்கிறோம்" என்று, அந்த வேறு வகை ரெசினுக்குக் கூடுதல் காசு கேட்டால், எந்த மேட் என்று கேளுங்கள். சாதாரண மேட்டின் பசை பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் என்ற திரவத்தில்தான் கரையும். எபாக்ஸியில் அது விறைப்பாகவே நின்று, வளைவுகளில் படியாது.

கொள்ளளவையும் சரிபாருங்கள். ஸ்பீக்கர் 20 லிட்டர் கேட்க, பெட்டி 12 லிட்டர் இருந்தால் ஆழமான பேஸ் போய் வெறும் 'தும்தும்' மிஞ்சும். லிட்டர் குவளையால் தெர்மாகோல் மணிகளைக் கொட்டி அளந்து, காந்தம் அடைக்கும் இடத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் பொருத்தும் எம்டிஎஃப் (மரநார் அழுத்திய பலகை) வளையத்தின் வெட்டுமுகத்திலும் ரெசின் பூசியிருக்க வேண்டும். பழைய கேபினில் ஒழுகும் தண்ணீர் பட்டால் அது ஊதிவிடும்.

1967 முதல் 1972 வரை வந்த செவ்ரோலே சி10 பிக்கப் டிரக் வகையில் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள்ளேயே, இருக்கைக்குப் பின்னால்தான் இருக்கும். டேங்க் இன்னும் அங்கே இருக்கிறதா என்று பார்க்காமல் அந்தச் சுவரில் டிரில் வைக்க யாரையும் விடாதீர்கள்.