அஞ்சு கிலோமீட்டர் அடிக்கும் லைட்

"தம்பி, இது அஞ்சு கிலோமீட்டர் அடிக்கும்" என்றார் முதலாம் குறுக்குத் தெருக் கடைக்கார நானா. கொழும்புப் புறக்கோட்டையில் பகல் பதினொரு மணிக்கு ஒரு டோர்ச் லைட்டை எப்படித்தான் சோதித்துப் பார்ப்பது, எதிர்க்கடைப் பலகையில் வெள்ளையாக ஒரு வட்டம் விழுந்தது, 6,500 ரூபா என்றவர் 5,800க்கு இறங்கினார், நானும் பில்லைக்கூடக் கேட்காமல் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மச்சானும் நானும் ஒரு பழைய டொல்பின் வேனின் பின் சீட்டுகளைக் கழற்றிப் பலகைக் கட்டில் அடித்து வைத்திருக்கிறோம். வெளிநாட்டில் ஆர்.வி. என்று கட்டிலும் குளியலறையுமாக ஓடுகிறதே, அதற்குத் தூரத்துச் சொந்தம். லீவு கிடைத்தால் பெலிஹுல்ஓயா, உடவளவை, கற்பிட்டி என்று கிளம்பிவிடுவோம். அதற்குத்தான் லைட்.

முதல் இரவு பெலிஹுல்ஓயாவில். பொழுது சாயும்போது தூறிவிட்டுப் பனிமூட்டம் இறங்கியது. லைட்டைப் போட்டால் அஞ்சு கிலோமீட்டர் என்ன, அஞ்சு மீட்டருக்கு அப்பால் வெள்ளைச் சுவர்தான். மூட்டத்தில் பட்டு வெளிச்சமெல்லாம் நம் கண்ணுக்கே திரும்பி வருகிறது. சரி, சாப்பிடவாவது உதவட்டும் என்று வேன் கதவில் சாய்த்து வைத்தோம். பத்து நிமிடத்தில் ஈசல். பலாங்கொடையில் கட்டிக்கொண்டு வந்த சோற்றுப் பார்சலில் பருப்பு எது, ஈசல் எது என்று தெரியவில்லை. நாற்பது நிமிடத்தில் லைட் மங்கி, இன்னும் மங்கி, அணைந்தது. மிச்சச் சோற்றை போன் வெளிச்சத்தில் சாப்பிட்டோம்.

கொழும்புக்கு வந்ததும் கழற்றிப் பார்த்தேன். உள்ளே 18650 என்கிற சார்ஜ் பண்ணும் செல் ஒரே ஒன்று, மேலே '9900' என்று கொட்டை எழுத்து. இந்த அளவு செல்லில் நல்ல கம்பனிச் சாமானே 3,500 மில்லி ஆம்பியர் மணி பக்கம்தான் வரும், செல் எவ்வளவு கரண்ட் பிடித்து வைக்கும் என்ற அளவு அது. வீட்டுக்குக் கீழே இருக்கும் பலசரக்குக் கடைத் தராசில் ஏலக்காய் நிறுக்கிற மாதிரி நிறுத்துப் பார்த்தோம்: 28 கிராம். ஒழுங்கான செல் 45 கிராமுக்குக் குறையாது. இனி எந்த லைட் வாங்கினாலும் செல்லைக் கழற்ற முடியுமா என்று கேட்டுவிட்டு, கழற்றிக் கையில் ஏந்திப் பாருங்கள்.

தூரக் கணக்குக்கும் ஒரு வழி இருக்கிறது. ஒழுங்கான பெட்டியில் லுமனோடு கண்டெலாவும் போட்டிருக்கும். லுமன் என்பது மொத்த வெளிச்சம், கண்டெலா என்பது நடுக் கற்றையின் உக்கிரம். கண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டரில் தூரம் வரும், அதுவும் அந்த முனையில் ஏறத்தாழப் பௌர்ணமி நிலவளவு வெளிச்சம்தான் மிஞ்சும் என்ற கணக்கில். 40,000 கண்டெலா என்றால் 400 மீட்டர். நானா சொன்ன அஞ்சு கிலோமீட்டருக்கு அறுபத்திரண்டரை லட்சம் கண்டெலா வேண்டும்! அவர்மேல் எனக்குக் கோபமில்லை, பெட்டியில் இருந்ததைத்தான் வாசித்தார்.

அடுத்ததை வாங்குவதற்கு முன் இன்னும் இரண்டு வகையைப் பார்த்தேன். ஒன்று, 2022இல் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் போனபோது கொழும்பே வாங்கிக் குவித்த 6 வோல்ட் ஈயப் பற்றரி லைட். அம்மாவின் கட்டிலுக்கு அடியில் இரண்டு கிடக்கின்றன, இரண்டும் செத்தவை. அந்தப் பற்றரியைச் சார்ஜ் இல்லாமல் மாதக் கணக்கில் போட்டு வைத்தால் அவ்வளவுதான், எப்போதாவது பயணம் போகிறவனுக்குச் சரிவராது. மற்றது வேனின் சிகரட் லைட்டர் துளையில் செருகும் 12 வோல்ட், 55 வாட் ஹலஜன். வெளிச்சம் அபாரம், செல் தொல்லை இல்லை. ஆனால் ஒரு மணி நேரம் எரிந்தால் நாலரை ஆம்பியர் மணிக்கு மேல் வேன் பற்றரியிலிருந்து இழுக்கும், காலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் யாரைக் கூப்பிடுவது? மூன்று மீட்டர் வயருக்கு மேல் நகரவும் முடியாது. இரவில் டயர் மாற்ற மட்டும் நல்லது.

கடைசியில் 14,900 ரூபாவுக்கு வாங்கியது இரண்டு செல், ஒவ்வொன்றும் 2,600 மில்லி ஆம்பியர் மணி, கழற்றி மாற்றக்கூடியது. முன்னால் 400 மீட்டர் கற்றை, பக்கவாட்டில் மங்கல் மஞ்சளில் ஒரு நீளப் பட்டை. இந்தப் பட்டைக்காகத்தான் வாங்கினேன் என்றே சொல்வேன். வேன் கூரைக் கொக்கியில் தொங்கவிட்டால் சமைக்கவும் சீட்டு விளையாடவும் போதும், பூச்சியும் குறைவாகத்தான் வருகிறது, மாலை ஏழுக்குப் போட்டால் தூங்கும் வரை தாங்குகிறது. முன் கற்றையை ஓர் இரவில் மொத்தமாக இரண்டு நிமிடம் போட்டிருந்தால் அதிகம், சலசலப்புக் கேட்ட பக்கம் ஒருமுறை, ஒதுங்கப் போகும்போது ஒருமுறை. உடவளவைப் பக்கம் மின்வேலிக்கு அந்தப் புறம் யானை நின்றால் அதன் கண்ணில் அடிக்க வேண்டாம், எந்த லைட்டாக இருந்தாலும்.

குறையும் உண்டு. முழு வெளிச்சத்தில் பத்து நிமிடம் வைத்தால் தலைப்பகுதி தோசைக்கல் மாதிரிச் சுடுகிறது. சார்ஜ் துளையை மூடும் ரப்பர் இரண்டாம் மாதமே தளர்ந்துவிட்டது, பெட்டியில் ஐபிஎக்ஸ்4 என்று தண்ணீர் தாங்கும் தரம் போட்டிருந்தாலும் அது தூறலுக்குத்தான், அடைமழையில் வெளியே வைக்க எனக்குத் துணிவில்லை. சுவிட்ச் ஒன்றே ஒன்று, பட்டைக்குப் போக மூன்று தடவை அமுக்க வேண்டும், நடுவில் ஆம்புலன்ஸ் மாதிரி மின்னுகிற ஒரு கட்டம் வேறு, அதை யார் கேட்டார்களோ.

2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுக்கக் கரண்ட் போனதே, அதற்குப் பிறகு அம்மா இதைக் குசினியில் மாட்டிவிட்டார். அடுத்த பயணத்துக்கு இன்னொன்று வாங்க வேண்டும், இதே சாமான்தான், அந்த ரப்பரை மட்டும் கடையிலேயே இழுத்துப் பார்த்துவிட்டு.