பழைய ஜப்பான் தையல் மெஷின்: எப்படி அடையாளம் காண்பது, மேனுவல் எங்கே தேடுவது

என்னிடம் இருக்கும் இரண்டு தையல் மெஷினும் ஜப்பானில் செய்தவை. ஒன்று 1950களின் நேர்த்தையல் மெஷின், நீலப்பச்சை நிறம், மேலே தங்க எழுத்தில் ‘டீலக்ஸ்’ என்று மட்டும் இருக்கும். இன்னொன்று அதற்குப் பிறகு வந்த ஜிக்ஜாக், அதாவது ஊசி இடமும் வலமும் ஆடி வளைந்து வளைந்து தைப்பது. இரண்டும் டொரொன்டோ பக்கம் பழைய சாமான் கடைகளில் மேனுவல் இல்லாமல் கிடைத்தவை. பல வருடமாக சேலை ஃபால்ஸ், லைனிங் பிளவுஸ், ஜீன்ஸ் மடிப்பு, திரைச்சீலை எல்லாம் இவற்றில்தான் தைக்கிறேன். இதே மாதிரி ஒன்றை வாங்கிவிட்டு ‘இது என்ன கம்பெனி, மேனுவல் எங்கே’ என்று தேடித் தவிப்பவர்கள் நிறைய இருப்பதால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில், மெஷின் மேல் எழுதியிருக்கும் பெயரை வைத்துத் தேட ஆரம்பிக்காதீர்கள். அது பெரும்பாலும் செய்த ஆலையின் பெயரே கிடையாது. போருக்குப் பிறகு, ஜப்பான் அமெரிக்க ஆளுகையில் இருந்த காலத்தில், அங்குள்ள ஆலைகள் சிங்கர் கம்பெனியின் ‘15’ என்ற எண்ணுள்ள மெஷின் வகையை எல்லோருக்கும் பொதுவான ஒரே வடிவமாக எடுத்துக்கொண்டன, உதிரி பாகம் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பது நோக்கம். இந்த வடிவத்துக்கு எச்.ஏ.1 என்று பெயர். பெட்டி பெட்டியாக அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் வந்ததும், இறக்குமதி செய்தவரும் டிபார்ட்மென்ட் ஸ்டோர்காரரும் தங்களுக்குப் பிடித்த பெயரை ஒட்டி விற்றார்கள். அதனால் ஒரே ஆலையின் மெஷின் பத்து ஊரில் பத்துப் பெயரில் கிடைக்கும், ஒரே பெயரில் இரண்டு ஆலைகளின் மெஷினும் கிடைக்கும். டீலக்ஸ், யூனிவர்சல், மோர்ஸ், டிரெஸ்மேக்கர் என்று போய்க்கொண்டே இருக்கும் அந்தப் பட்டியல்.

சரி, எங்கே பார்ப்பது? மெஷினைப் பின்பக்கமாகச் சாய்த்து அடியில் பாருங்கள். கைப்பகுதியின் பின்புறம், கால் தூணின் கீழே, அடித்தட்டின் உள்பக்கம் என்று எங்காவது ‘ஜப்பான்’ என்று வார்ப்பிலேயே இருக்கும். ‘ஆக்குபைடு ஜப்பான்’ என்று இருந்தால் 1945க்கும் 1952க்கும் இடைப்பட்டது என்று தைரியமாகச் சொல்லலாம், வெறும் ‘ஜப்பான்’ என்றால் அநேகமாக அதற்குப் பிந்தியது. பலவற்றில் ஜே.ஏ. என்ற எழுத்தும் பக்கத்தில் ஒரு எண்ணும் இருக்கும். மெஷினை முழுதாக்கிய ஆலையைக் குறிக்கும் குறியீடு என்று சேகரிப்பவர்கள் இதைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். டார்ச் அடித்து, அழுக்கைத் துடைத்துவிட்டுத் தேடுங்கள், பழைய எண்ணெய்ப் பசைக்கு அடியில் மறைந்திருக்கும். மோட்டார் தகட்டில் இருக்கும் பெயரை நம்பி ஏமாற வேண்டாம், அது மோட்டார் செய்தவர் பெயர், தகட்டிலிருந்து வோல்ட்டும் ஆம்பியரும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கென்மோர் என்று இருந்தால் வேலை சுலபம். அது சியர்ஸ் என்ற டிபார்ட்மென்ட் ஸ்டோர் தன் மெஷின்களுக்கு வைத்த பெயர், மாடல் எண்ணில் புள்ளிக்கு முன்னால் உள்ள மூன்று இலக்கமே செய்தவரைச் சொல்லிவிடும். 158 என்றால் மருசென், 148 என்றால் சோர்யு, 385 என்றால் ஜானோமே. மற்ற கடைகளும் இப்படி ஒரு முறை வைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

ஆனால் ஆலை பெயர் தெரியாவிட்டாலும் தைக்கலாம், அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். மேனுவல் என்பது உள்ளே இருக்கும் அமைப்புக்கு, மேலே இருக்கும் பெயருக்கு அல்ல. இடது பக்கத்துத் தகட்டைத் தள்ளிப் பாருங்கள்: பாபின் கேஸ் இடது பக்கத்திலிருந்து உள்ளே போகிறதா, பாபின் இரண்டு பக்கமும் தட்டையாக, 20 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் விட்டமாக இருக்கிறதா, டென்ஷன் திருகு, அதாவது மேல்நூலின் இறுக்கத்தை மாற்றுவது, இடது முகத் தகட்டில் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் உங்களிடம் இருப்பது 15 வகைதான். சிங்கர் 15-88, 15-90, 15-91 மூன்றில் எதன் மேனுவலை எடுத்தாலும் நூல் கோர்ப்பது, எண்ணெய் விடுவது, டென்ஷனைக் கழற்றி மாட்டுவது எல்லாம் அப்படியே பொருந்தும். சிங்கர் மேனுவல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, ஸ்மித்சோனியன் நூலகமும் பழைய தையல் மெஷின் ஏடுகளை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறது. ஒரு பழைய மேனுவலுக்குப் பணம் கட்டும் முன் அங்கே ஒரு முறை தேடிப் பாருங்கள், அதே தாள்களைப் பி.டி.எஃப். ஆக்கி விற்பவர்கள் இருக்கிறார்கள்.

பொருந்தாத இடங்களும் உண்டு, அதைத் தெரிந்து வைத்துக்கொள்ளவில்லை என்றால் மெஷின் கெட்டுப்போனதாகத் தோன்றும். சிங்கர் 15-91இல் பாபின் கேஸின் விரல், அதாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி, கடிகாரத்தின் 1 மணி திசையில் நிற்கும், ஜப்பான் மெஷினில் 11 மணி திசையில். அதனால் ஒன்றின் கேஸை மற்றொன்றில் போட முடியாது, கடையில் கேஸ் வாங்கும்போது பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். தையல் நீளத்துக்கு சிங்கரில் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண் இருக்கும், அதாவது எண் பெரிதானால் தையல் பொடி. பல ஜப்பான் மெஷின்களில் எண் பெரிதானால் தையலும் நீளம். துணியை நகர்த்தும் பல்லைக் கீழே இறக்க 15-91இல் மெஷினைச் சாய்த்து அடியில் உள்ள திருகைத் தளர்த்த வேண்டும், ஜப்பான்காரர்கள் அதை அடித்தட்டின் மேலேயே ஒரு குமிழாக வைத்துவிட்டார்கள். எம்பிராய்டரி செய்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி!

ஊசி எச்.ஏ×1, சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ வீட்டு மெஷினுக்குக் கேட்டால் கொடுக்கிற அதே ஊசிதான். 15 வகையில் தட்டையான பக்கம் இடதுபுறம் பார்க்கும், நூலை வலமிருந்து இடமாகக் கோர்க்க வேண்டும். ஜிக்ஜாக் மெஷின்களில் இது மாறும். பார்த்தவுடன் தெரிந்துகொள்ள ஒரு வழி: ஊசிக்கு மேலே கடைசியாக நூல் போகும் வளையம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமிருந்து கோர்க்க வேண்டும். அப்புறம், டென்ஷன் தட்டுகளைச் சுற்றிய பிறகு சின்னச் சுருள் கம்பி ஒன்று இருக்கும், நூல் அதில் மாட்டியே தீரவேண்டும். அடியில் நூல் கூடுகட்டிக்கொள்கிறது என்று என்னிடம் வந்த மெஷின்களில் பாதிக்கு மேல் இந்தக் கம்பி விட்டுப்போன கதைதான்.

ஜிக்ஜாக் மெஷினுக்கு மேனுவல் தேடுவது உண்மையில் கஷ்டம். இங்கே சிங்கர் மேனுவல் உதவாது. நான் செய்வது, டயல்களின் அமைப்பை வைத்துப் படத்தோடு படம் ஒப்பிடுவது: அகல டயல் எங்கே, ஊசியை இடது நடு வலது என்று நகர்த்தும் லீவர் எங்கே, மேல்மூடிக்குள் கேம் (அலங்காரத் தையலுக்கான சின்னத் தட்டு) போடும் இடம் இருக்கிறதா. பெயர் வேறாக இருந்தாலும் முகம் ஒன்றாக இருந்தால் அந்த மேனுவல் செல்லும். என் ஜிக்ஜாக்கை நான் ஓட்டுவது அப்படிக் கிடைத்த வேறு பெயர்கொண்ட ஒரு மேனுவலை வைத்துத்தான், பிரிண்ட் எடுத்து மெஷின் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறேன். ஃபுட் (துணியை அழுத்தும் கால்) வாங்கும் முன் ஃபுட் திருகிலிருந்து தட்டு வரை அளந்துகொள்ளுங்கள். 12 மில்லிமீட்டர் அளவு என்றால் தாழ்ந்த வகை, பெரும்பாலானவை இதுதான், 25 ஒட்டி வந்தால் உயர்ந்த வகை.

பயன்பாட்டைப் பற்றிச் சொன்னால், நேர்த்தையலுக்கு இந்த 15 வகையைவிட அழகாகத் தைக்கும் மெஷினை நான் ஓட்டியதில்லை. 11 நம்பர் ஊசி போட்டால் பட்டு சுருங்காமல் போகிறது, 16 போட்டால் ஜீன்ஸ் மடிப்பின் தடித்த முனையையும் திணறாமல் கடக்கிறது. உள்ளே எல்லாம் இரும்பு. எடை அதிகம், அடிக்கடி தூக்கி வைத்து எடுப்பவர்களுக்கு ஒத்துவராது. காஜா போட தனி அட்டாச்மென்ட் வேண்டும். இத்தனை வருடத்தில் நான் மாற்றியது பாபின் சுற்றும் ரப்பர் வளையம், பெல்ட், வெடித்துப்போன ஒயர் உறை, அவ்வளவுதான். மாற்றாமல் விடக்கூடாததும் அந்த ஒயர்தான், ஐம்பது அறுபது வருட ரப்பர் உறையை நம்பி பிளக்கில் செருகாதீர்கள்.

இறுகிப்போய் வந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் துரு இல்லை, காய்ந்த எண்ணெய்தான். மண்ணெண்ணெய் சில துளி, ஹேர் டிரையரின் சூடு, கையால் மெதுவாக வீலை ஆட்டுவது, மறுநாள் திரும்பவும் அதே. இளகியதும் துடைத்துவிட்டுத் தையல் மெஷின் எண்ணெய் மட்டும் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், கொஞ்ச நாளில் கோந்தாகிவிடும்.

ஊருக்கு எடுத்துப்போக நினைப்பவர்களுக்கு: இங்குள்ள மோட்டார் 110-120 வோல்ட், நேராக 230இல் போட்டால் எரிந்துவிடும். மோட்டாரைக் கழற்றிவிட்டு, பின்னால் மோட்டார் மாட்டும் மேடு இருக்கிறதா, வீலில் ஆரங்கள் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் கைப்பிடி மாட்டி ஓட்டலாம். வீல் ஆரமில்லாத முழு வட்டமாக இருந்தால் ஆரமுள்ள வீல் ஒன்றையும் தனியாக வாங்கவேண்டி வரும்.