கல்லடி உப்புக்காற்றில் லப்டொப், டெஸ்க்டொப், பிஎஸ்5: சில வருடப் பாவனைக்குப் பிறகு

கேம் விளையாட எதை எடுக்கலாம் என்று கேட்டு வருகிற பெடியன்கள் யூடியூப்பில் எல்லாக் கணக்கும் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். எந்தக் கேமுக்கு எந்த கிராஃபிக்ஸ் கார்டில் எத்தனை ஃபிரேம் வரும் என்பது அவர்களுக்கு என்னைவிட வடிவாகத் தெரியும். அந்த வீடியோக்களில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் எடுத்தவர் ஏசி அறையில் இருந்துகொண்டு, புதுச் சாமானை ஒரு கிழமை பாவித்துவிட்டுக் கதைக்கிறார். மூன்றாம் நான்காம் வருடத்தில் அதே சாமான் என்ன நிலையில் கிடக்கும் என்பதை அவர் சொல்வதில்லை. நாங்கள் இருப்பது மட்டக்களப்புக் கல்லடியில். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி. இங்கே உப்பும் வெக்கையும் கரண்டும்தான் எது நிலைக்கும் என்று தீர்மானிக்கின்றன.

வீட்டில் மூன்றும் ஓடியிருக்கின்றன. வந்தாறுமூலை கம்பஸில் படிக்கிற காலத்தில், 2021இல் எடுத்த கேமிங் லப்டொப் ஒன்று. பிறகு கல்யாண வீடியோ எடிட்டிங் வேலைக்காகப் பூட்டிய டெஸ்க்டொப். தம்பி பாவித்த பிளேஸ்டேஷன் 4 (பிஎஸ்4) கொன்சோல், அதை விற்றுவிட்டு எடுத்த பிஎஸ்5. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டில் ஒரே இடத்தில் இருந்து விளையாடுவதென்றால் டெஸ்க்டொப்தான். மற்ற இரண்டையும் எடுப்பதற்கு வேறு ஒரு நியாயமான காரணம் இருக்க வேண்டும்.

லப்டொப்புக்கு அந்தக் காரணம் எனக்கு இருந்தது. விடுதிக்கும் வீட்டுக்கும் இடையே சாமான் அலைய வேண்டும். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டியபோது, டெஸ்க்டொப் வைத்திருந்த கூட்டாளிகள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். என்னிடம் படிக்கிற வேலை தடைப்படவில்லை. கேம் என்று வந்தால் கதை வேறு. பேட்டரியில் ஓடும்போது கேமிங் லப்டொப் தன் கிராஃபிக்ஸ் சிப்புக்குக் கொடுக்கிற கரண்டை இறுக்கிப் பிடித்துவிடும். ஃபிரேம் பாதிக்கும் கீழே விழும், அதுவும் ஒரு மணித்தியாலம் தாண்டாது. கரண்ட் இல்லாத நேரத்திலும் விளையாடலாம் என்று நினைத்து லப்டொப் எடுக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு எடுங்கள்.

பெயரைப் பார்த்தும் விலை மதிக்க வேண்டாம். என்னுடையதில் இருப்பது ஆர்டிஎக்ஸ் 3060 என்ற கிராஃபிக்ஸ் சிப். டெஸ்க்டொப்புக்கு வந்த 3060 முதலில் 12 ஜிபி நினைவகத்தோடு, 170 வொட் குடிக்கிற கார்டாக வந்தது. அதே பெயரில் லப்டொப்புக்குள் இருப்பது 6 ஜிபி. அதற்கு 60 முதல் 115 வொட் வரைக்கும் எவ்வளவு கொடுப்பது என்று லப்டொப் செய்கிற கம்பனிதான் முடிவெடுக்கும். மெல்லிய, வடிவான லப்டொப் என்றால் அநேகமாகக் குறைத்துத்தான் கொடுத்திருப்பார்கள். பெட்டியில் அந்த வொட் கணக்கைத் தேடிப் பாருங்கள். சின்ன எழுத்தில்கூட இல்லாவிட்டால் கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால் அந்த மொடலின் பெயரைப் போட்டு இணையத்தில் தேடுங்கள்.

ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் லப்டொப்பின் உண்மை முகம் தெரியும். மேற்கில் இருந்து வருகிற அந்தக் காய்ந்த சூட்டுக்காற்று அறைக்குள்ளேயே அனலாக இருக்கும், கூடவே மண்ணும். புரொசசர் 95 பாகையைத் தொட்டு, தன்னைத் தானே மெதுவாக்கிக்கொள்ளும். இடதுகை விரல் வைக்கிற டபிள்யூ, ஏ, எஸ், டி பொத்தான்கள் சுடும். ஃபேன் சத்தத்துக்கு ஹெட்போன் இல்லாமல் விளையாட முடியாது. அடிமூடியைக் கழற்றிப் பார்த்தால், ஃபேன் காற்று வெளியே போகிற செப்புத் தகடுகளுக்கு முன்னால் தூசும் முடியும் சேர்ந்து ஒரு துணித்துண்டாகவே படிந்திருந்தது. அதை ஒரே இழுவையில் உரித்து எடுக்கலாம். அதை எடுத்து, சிப்பின் சூட்டைக் கடத்துகிற தேர்மல் பேஸ்ட்டும் மாற்றினால் சூடு நன்றாகவே குறைந்தது. மறுகா அடுத்த வருடம் அதே வேலை.

இதுவாவது கையால் செய்கிற காரியம். பேட்டரி அப்படி இல்லை. ஒரு நாள் டச்பேட்டை அழுத்தினால் கிளிக் சத்தம் வரவில்லை. மேசையில் வைத்தால் லப்டொப் ஒரு மூலையில் ஆடியது. திறந்தால் பேட்டரி உப்பி, டச்பேட்டைக் கீழிருந்து தள்ளிக்கொண்டு நிற்கிறது. நாள் முழுக்கச் சார்ஜரில் செருகி, நூறு வீதத்தில் வைத்து, சூட்டோடு சூடாகக் கேம் ஓட்டினால் லித்தியம் பேட்டரிக்கு அதுதான் கதி. பல கம்பனிகளின் சொந்தச் செயலியில் சார்ஜை 80 வீதத்திலோ 60 வீதத்திலோ நிறுத்தி வைக்கிற வசதி இருக்கிறது, வாங்கின அன்றே அதைப் போட்டுவிடுங்கள். உப்பின பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது, அதோடு தொடர்ந்து பாவிக்கவும் கூடாது. எனக்கு அந்த மொடலுக்குரிய பேட்டரி மட்டக்களப்பில் கிடைக்கவில்லை. கொழும்பில் எடுப்பித்துக் கொடுத்த கடை ஒரிஜினல் என்று சொல்லித்தான் காசு வாங்கியது. வந்தது ஒரிஜினல் இல்லை. பிறகு திரை மடிகிற பிணைச்சல் வெடித்தது. லப்டொப்பில் ஒன்று பழுதானால் அதே மொடலின் அதே துண்டு வேண்டும், அது கிடைக்காவிட்டால் முழுச் சாமானும் அலுமாரிக்குள் போகும். என் லப்டொப் இப்போது அங்கேதான் இருக்கிறது.

டெஸ்க்டொப்பும் பழுதாகாமல் இருக்கவில்லை. பவர் சப்ளை ஒருமுறை போனது, ஒரு ஹார்ட் டிஸ்க் போனது, கிராஃபிக்ஸ் கார்டின் ஃபேன் ஒன்று தேய்ந்து கத்தத் தொடங்கியது. ஆனால் ஒவ்வொரு முறையும் போன துண்டை மட்டும்தான் மாற்றினேன். உள்ளே இருப்பது ரைசன் 5 5600, 65 வொட் புரொசசர், அதோடு வந்த ஏஎம்4 வகை மதர்போர்ட். கொழும்பில் யுனிட்டி பிளாசாவில் ஒரு கடையில் சொல்லிவிட்டால் சாமானைப் பொதி செய்து இரவு பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள், விடியப் போய் எடுத்துக்கொண்டு வந்து பூட்டலாம். எந்தக் கம்பனியின் பவர் சப்ளை என்றாலும் பெட்டிக்குள் பொருந்தும். இந்த ஒரு காரணத்துக்காகவே, வாங்குகிற அன்று ஒரே விலை என்றாலும் நான் டெஸ்க்டொப் பக்கம்தான் நிற்பேன்.

உப்பு முதலில் பிடிப்பது பெட்டியின் பின்பக்கம். ஸ்குரூ எல்லாம் செம்மண் நிறமாகும், யூஎஸ்பி வாயின் விளிம்பில் பச்சை பிடிக்கும். மாரியில் இன்னொரு கரைச்சல் வரும். காலையில் பட்டனை அழுத்தினால் ஃபேன் எல்லாம் சுற்றும், திரையில் ஒன்றுமே வராது. பயப்பட வேண்டாம். கரண்டைக் கழற்றிவிட்டு ராம் என்கிற நினைவகத் துண்டை வெளியே எடுங்கள், தங்கநிறத் தொடுபற்களை வெள்ளை அழிறப்பரால் மெதுவாக ஒரு பக்கமாகத் தேயுங்கள், தூளைத் தட்டிவிட்டு ‘டக்’ என்று சத்தம் கேட்கும் வரைக்கும் திரும்ப அமத்துங்கள். பத்தில் எட்டுத் தரம் இதுதான் மருந்து. இதற்கு இரண்டாயிரம் கேட்கிற ஆட்களும் ஊரில் இருக்கிறார்கள். பின்னுக்கு கார்ட் பூட்டாத ஓட்டைகளை மூடி வையுங்கள். சூட்டுக்குப் பல்லி உள்ளே போய்ப் படுக்கும், பவர் சப்ளைக்குள் போனால் பல்லியும் சரி, பவர் சப்ளையும் சரி.

ஐப்பசி, கார்த்திகையில் இடி தொடங்கினால் எங்கள் வீட்டில் அம்மாதான் பொறுப்பு. “மகன், முழங்குது, பிளக்கக் கழட்டு” என்று குசினியில் இருந்தே குரல் வரும். சுவிட்சை மட்டும் நிப்பாட்டினால் போதாது, பிளக்கையே கழற்ற வேண்டும். ரூட்டரில் இருந்து வருகிற கேபிளையும் கழற்ற வேண்டும், ஏனென்றால் மின்னல் அந்த வழியாகவும் வந்து போர்டைச் சுடும். பழைய வீடுகளில் மூன்று பின் பிளக் இருக்கும், ஆனால் எர்த் வயர் உண்மையில் நிலத்துக்குப் போயிருக்காது. பெட்டியின் இரும்பை வெறுங்காலோடு நின்று கையால் தொட்டால் சுர் என்று இழுக்கிறதா? கார்ட், ராம் எல்லாவற்றுக்கும் முன்னால் வயரிங் தெரிந்தவரைக் கூப்பிட்டு எர்த்தைப் பாருங்கள்.

யூபிஎஸ் விசயத்திலும் ஒரு சொல். கடையில் கொடுக்கிற 650 விஏ யூபிஎஸ் அநேகமாக 360 வொட் அளவுதான் தாங்கும். எக்ஸெல் பார்க்கிற மெஷினுக்கு அது காணும். கேம் ஓடுகிற நேரத்தில் கரண்ட் நின்றால், மொனிட்டரும் சேர்ந்து கேட்கிற சுமைக்கு அது ஒருதரம் கத்திவிட்டுத் தானும் நின்றுவிடும். ஆயிரத்துக்கு மேல் விஏ உள்ளதாக எடுங்கள். அதுவும் கேமைத் தொடர்ந்து விளையாட இல்லை, சேவ் பண்ணி ஒழுங்காக நிப்பாட்டத்தான்.

கரண்ட் பில்லைப் பற்றி வீட்டார் கேட்பார்கள், பதிலை வைத்திருங்கள். மொனிட்டரோடு 350 வொட் எடுக்கிற டெஸ்க்டொப்பில் தினம் மூன்று மணித்தியாலம் விளையாடினால் மாதம் 31 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. பிஎஸ்5 ஓடும்போது 200 வொட் அளவு எடுக்கும், அப்படியென்றால் 18 யூனிட், டிவி வேறு. லப்டொப் 150 வொட் என்று வைத்தால் 13, 14. எங்கள் கட்டணம் படிப்படியாக ஏறுவது என்பதால், 90இலோ 120இலோ 180இலோ விளிம்பில் நிற்கிற வீட்டை இந்த முப்பது யூனிட் அடுத்த படிக்குத் தள்ளிவிடும். கேமில் ஃபிரேமை 60க்குப் பூட்டி வைத்தால் கார்ட் குடிக்கிற கரண்டும் குறையும், அறையின் சூடும் குறையும். கச்சான் காலத்தில் நான் எப்போதும் அப்படித்தான்.

இனி கொன்சோல். தம்பி இதை வாசித்தால் சண்டைக்கு வருவான், ஆனாலும் சொல்கிறேன். பிஎஸ்5 மூன்றிலும் கரைச்சல் குறைந்தது. டிரைவர் இல்லை, செட்டிங் இல்லை, கொன்ட்ரோலரை எடுத்தால் கேம். சனி, ஞாயிறில் ஆரையம்பதியில் இருந்தும் காத்தான்குடியில் இருந்தும் அவனுடைய கூட்டாளிகள் வந்து பாயில் இருந்து ஃபுட்போல் கேம் விளையாடுகிற சந்தோஷத்தை என் டெஸ்க்டொப் ஒருநாளும் தராது. டிஸ்க்கை மாற்றி மாற்றி விளையாடுவார்கள், முடித்ததை விற்று அடுத்ததை எடுப்பார்கள். ஆகவே இங்கே டிஸ்க் போடுகிற மொடலைத்தான் எடுக்க வேண்டும். டிஸ்க் போடாத பிஎஸ்5 டிஜிட்டலோ, எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எஸ்ஸோ விலை குறைவு என்று எடுத்தால், ஒவ்வொரு கேமையும் டொலர் கொடுத்துத்தான் எடுக்க வேண்டி வரும்.

அந்த டொலர்தான் கொன்சோலின் பெரிய குறை. பிளேஸ்டேஷன் ஸ்டோரின் நாட்டுப் பட்டியலில் இலங்கை இல்லை. வேறு நாட்டுக் கணக்கு ஒன்றைத் திறந்து, அந்த நாட்டு கிஃப்ட் கார்ட் வாங்கித்தான் எல்லாரும் சமாளிக்கிறார்கள். காசு கொடுத்து எடுத்த கேமை ஒன்லைனில் விளையாடப் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவும் கட்ட வேண்டும். பிசி கேம்களை விற்கிற ஸ்டீமில் தென்னாசியாவுக்கென்று தனி டொலர் விலை போடுகிறார்கள், பல கேம்கள் அமெரிக்க விலையைவிட நன்றாகக் குறைவு. ஒன்லைன் விளையாடத் தனிச் சந்தாவும் இல்லை. நூறு ஜிபி கேமை டவுன்லோட் பண்ண டேட்டா இல்லையா, கூட்டாளியின் ஸ்டீம் ஃபோல்டரை ஹார்ட் டிஸ்க்கில் கொப்பி பண்ணிக்கொண்டு வந்து போட்டால், ஸ்டீம் அதைச் சரிபார்த்துக் குறைகிறதை மட்டும் இறக்கும். கேமை உங்கள் கணக்கில் வாங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கொன்ட்ரோலர் ஸ்டிக் தானாக ஒரு பக்கம் ஓடத் தொடங்குவது எங்கள் வீட்டிலும் நடந்தது. உள்ளே தேய்கிற சின்னத் துண்டை ஈயம் வைத்து மாற்றலாம், ஃபோன் திருத்துகிற கடைகளில் செய்கிறார்கள். பிஎஸ்5இன் வெள்ளை மூடியை ஸ்குரூ இல்லாமலே கழற்றலாம், உள்ளே தூசு சேர்வதற்கென்றே வைத்த ஓட்டைகள் இருக்கின்றன, வக்கியூம் வைத்து உறிஞ்சிவிடுங்கள். பின்னேரம் சீரியல் நேரத்தில் டிவி யாருக்கு என்பதற்கு மட்டும் எங்கள் வீட்டில் இன்னும் வழி பிறக்கவில்லை.

என்ன கேம் என்பதையும் பாருங்கள். டோட்டா 2, கவுண்டர் ஸ்ட்ரைக் 2 இரண்டும் பிசியில் மட்டும்தான். மற்றப் பக்கம், ஜிடிஏ 5 கொன்சோலுக்கு 2013 செப்டெம்பரில் வந்தது, பிசிக்கு 2015 ஏப்ரலில்தான். ஜிடிஏ 6ஐயும் பிஎஸ்5, எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் இரண்டுக்கும்தான் அறிவித்தார்கள். முதல் நாளே விளையாட வேண்டும் என்று துடிக்கிறவருக்கு டெஸ்க்டொப் சரிவராது.

காசு குறைவென்றால் நான் சொல்கிற வழி, அலுவலகங்களில் பாவித்து விட்ட பழைய டெல், எச்பி மெஷின் ஒன்றை எடுத்து அதில் ஜிடிஎக்ஸ் 1650 போடுவது. அந்த கார்ட் 75 வொட்தான், பல மொடல்களுக்குத் தனிப் பவர் வயர் வேண்டாம், பழைய பவர் சப்ளையே தாங்கும். மெல்லிய பெட்டி என்றால் அரை உயர கார்டாகப் பார்த்து எடுங்கள், முழு உயரம் உள்ளே போகாது. புரொசசர் இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்தது, விண்டோஸ் 11 அதற்குக் கீழே உள்ளதை அநேகமாக ஏற்காது. விண்டோஸ் 11இல் வலரன்ட் விளையாட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இயங்க வேண்டும். கடையில் மெஷினை ஓடவிட்டு இவற்றைப் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.

கல்முனையில் மாமியின் மகனுக்குப் போன முறை அப்படித்தான் எடுத்தோம். உயர்தரத்தில் ஐசிடி பாடம் செய்கிறான், ஆகவே மாமியிடம் காசு வாங்குவதில் சிரமம் இருக்கவில்லை. வலரன்ட் அவனுக்கு வடிவாக ஓடுகிறது. 8 ஜிபி ராமை 16 ஆக்கித் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறான். 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் நினைவக சிப்புகளை அள்ளத் தொடங்கியதில் ராம் விலை ஏறிப் போனது. என் அலுமாரியில் கிடக்கிற லப்டொப்பின் ராமைக் கழற்றித் தரலாம் என்று பார்த்தால், லப்டொப் ராம் அவனுடைய டெஸ்க்டொப் போர்டில் ஏறாது. பாவித்த 8 ஜிபி ஒன்று கிடைக்கும் வரைக்கும் குரோமை மூடிவிட்டு விளையாடச் சொல்லியிருக்கிறேன்.