வலைப்பூவில் கமிஷன் சம்பாதிப்பவர்கள் கவனத்திற்கு: எனக்கு வர வேண்டிய 31,500 ரூபாய்

மதுரையில் வீட்டிலேயே தையல் வகுப்பு நடத்தி வருகிறேன். தையல் இயந்திரங்களைப் பற்றி ஏழு ஆண்டுகளாக ஒரு வலைப்பூவில் எழுதியும் வருகிறேன். எந்த இயந்திரம் பிளவுஸ் துணியைச் சுருக்காமல் தைக்கும், ஜீன்ஸ் துணிக்கு ஏன் 16ஆம் எண் ஊசி வேண்டும், பாபின் நூல் ஏன் அடியில் சிக்குகிறது என்பவைதான் என் பதிவுகள். படிப்பவர்கள் என் இணைப்பின் வழியாகச் சென்று இயந்திரம் வாங்கினால் எனக்குச் சிறு கமிஷன் கிடைக்கும். அதை ஒவ்வொரு பதிவின் தலைப்பிலேயே தெரிவித்துவிடுவேன். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் விதிமுறை கொண்டுவருவதற்கு முன்பிருந்தே எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. இப்படி நேர்மையாக உழைத்துச் சேர்த்த 31,500 ரூபாயை, கடைகளையும் எழுத்தாளர்களையும் இணைத்துவைக்கும் ஓர் அஃபிலியேட் நிறுவனம் எனக்குக் கொடுக்காமல் வைத்திருக்கிறது. நேற்று மாலை நான் கண்ட ஒரு வரி என் பொறுமையைத் தீர்த்துவிட்டதால் இதை எழுதுகிறேன்.

2024 ஜனவரியில் அந்த நிறுவனத்திலிருந்து ஓர் இளைஞர் தொலைபேசியில் அழைத்தார். முதலில் "மேடம்" என்றவர் பத்து நிமிடத்தில் "அக்கா" என்று அழைக்கத் தொடங்கினார். என் பதிவுகளை உண்மையிலேயே படித்திருந்தார். பாபின் சிக்கல் பற்றிய பதிவைப் பார்த்துத் தன் அம்மாவின் இயந்திரத்தைச் சரிசெய்ததாகச் சொன்னார். நான் நம்பியது அந்த இடத்தில்தான். அதுவரை ஒரு பெரிய கடையின் நேரடித் திட்டத்தில் இருந்தேன். அங்கே வாசகர் இணைப்பை அழுத்திய 24 மணி நேரத்திற்குள் பொருளைக் கூடையில் போட்டால்தான் விற்பனை என் கணக்கில் சேரும். பத்தாயிரம் ரூபாய் கொடுத்து இயந்திரம் வாங்குகிறவர் வீட்டில் கலந்து பேசாமல் ஒரே நாளில் முடிவெடுப்பாரா? இவரோ, "எங்களிடம் குக்கீ 30 நாள் இருக்கும் அக்கா, கமிஷன் ஐந்து சதவீதம்" என்றார். அதாவது, இணைப்பை அழுத்திய வாசகர் 30 நாளுக்குள் வாங்கினாலும் விற்பனை என் கணக்கில் சேரும். சோதித்துப் பார்க்க நான்கு பதிவுகளில் மட்டும் இணைப்பை மாற்றினேன். மார்ச் மாதம் 1,240 ரூபாய் சொன்ன தேதியில் வங்கிக்கு வந்தது. அந்தச் சிறு தொகை எதற்காக அவ்வளவு ஒழுங்காக வந்தது என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

ஆகஸ்டில், தீபாவளிக்கு முன்பாக, மூன்று இரவுகள் கண்விழித்து 112 பதிவுகளிலும் பழைய இணைப்புகளை எடுத்துவிட்டு அவர்களுடைய இணைப்புகளைப் போட்டேன். தீபாவளி அந்த ஆண்டு அக்டோபர் 31 அன்று வந்தது. செப்டம்பர் நடுவிலிருந்து அதுவரை 63 இயந்திரங்கள் விற்றன. பொருள் திரும்பி வருமா என்று பார்ப்பதற்காகக் கமிஷனைச் சில வாரங்கள் "நிலுவை" என்று காட்டுவது இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். அதில் எனக்குக் குறையில்லை. 2025 ஜனவரி இரண்டாம் வாரத்தில் 63 வரிசைகளும் பச்சை எழுத்தில் "உறுதி செய்யப்பட்டது" என்று மாறின. கீழே மொத்தம் 31,500 என்று இருந்தது. பிப்ரவரி 15ஆம் தேதிக்குள் பணம் வரும் என்று மின்னஞ்சலும் வந்தது. பிப்ரவரி 12 அன்று காலை கணக்கைத் திறந்தால் மொத்தம் 0 என்று நின்றது. மேலே சிவப்புப் பட்டையில் "செல்லாத வருகைகள் காரணமாகக் கணக்கு நிறுத்தப்பட்டுள்ளது" என்று இருந்தது.

எந்த ஆர்டர் செல்லாதது, எந்த நாளின் வருகை போலியானது என்று கேட்டேன். ஒரு புகார் எண் வந்தது. மறுபடியும் கேட்டபோது எழுத்துப் பிசகாமல் அதே கடிதம் வந்தது. மூன்றாம் முறை வந்த கடிதத்தில் வேறு யாருடைய பெயரோ இருந்தது. "அக்கா" என்று அழைத்த தம்பி முதல் இரண்டு அழைப்புகளை எடுத்து, "அது வேறு டீம் அக்கா, என் கையில் இல்லை" என்றார். மூன்றாவது அழைப்பில் கதையே மாறியது: வருகையில் குறையில்லையாம், கடைக்காரர்தான் அவர்களுக்குப் பணம் தரவில்லையாம். அப்படியானால் என் கணக்கை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். அதன் பிறகு அவர் என் அழைப்பை எடுக்கவில்லை.

போலி வருகை என்ற சொல்தான் என்னை மிகவும் காயப்படுத்தியது. வாங்கியவர்களில் பலரை எனக்குத் தெரியும். திண்டுக்கல்லிலிருந்து ஒரு பெண் இயந்திரம் வந்து இறங்கிய அன்றே படம் எடுத்து அனுப்பி, அடியில் நூல் வளையம் வளையமாக விழுகிறது என்று கேட்டார். நூலை மேலிருந்து ஒருமுறை சரியாகக் கோத்து, நூலின் இறுக்கத்தைக் கூட்டிப் பாருங்கள் என்று வாட்ஸ்அப்பில் அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்தேன். அவர் தைத்த முதல் தலையணை உறையின் படம் இன்னும் என் தொலைபேசியில் இருக்கிறது. அவரும் சேர்ந்துதான் அந்த 63 பேர்.

இப்போது நேற்று மாலைக்கு வருகிறேன். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்வதற்காக என் பெயரில் யார் எவ்வளவு வரி பிடித்துக் கட்டினார்கள் என்று காட்டும் படிவம் 26ஏஎஸ்-ஐ எடுத்தேன். அதில் அதே நிறுவனத்தின் பெயருக்கு நேராக, கமிஷனுக்கான 194எச் பிரிவின் கீழ், எனக்குக் கொடுத்த அல்லது வரவு வைத்த தொகை 31,500 ரூபாய் என்றும், பிடித்த வரி 630 ரூபாய் என்றும் இருந்தது. கமிஷனை ஒருவர் கணக்கில் வரவு வைக்கும்போதோ கையில் கொடுக்கும்போதோ, எது முந்தியதோ அப்போதே டிடிஎஸ், அதாவது கொடுப்பவரே முன்கூட்டிக் கழித்து அரசுக்குக் கட்டும் வரி, பிடிக்க வேண்டும் என்பது சட்டம். 2024 அக்டோபர் முதல் அது இரண்டு சதவீதம். அதாவது, என் பான் எண்ணில் 31,500 ரூபாயை வரவு வைத்ததாக அரசுக்குக் கணக்குக் காட்டிவிட்டு, என்னிடம் சுழியம் என்கிறார்கள். கைக்கு வராத பணம் என் வருமானமாக அங்கே பதிவாகி நிற்கிறது. மீதி 30,870 ரூபாய் எங்கே என்று கேட்க இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

இன்று காலை அந்தப் பக்கத்தை நகலெடுத்து, பிப்ரவரி வரையிலான ஸ்கிரீன்ஷாட்களோடு சேர்த்து, ஒப்புகைச் சீட்டுடன் பதிவுத் தபாலில் அவர்களுக்கு அனுப்பினேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பேசியபோது புகாரைப் பதிந்துகொண்டு எண் கொடுத்தார்கள்.

உங்களுக்கு விரிவாக அறிவுரை எழுதலாம் என்றுதான் தொடங்கினேன்; இப்போது கை நடுங்குவதால் தோன்றுவதை மட்டும் சொல்கிறேன். எல்லா இணைப்புகளையும் ஒரே நிறுவனத்திடம் கொடுக்காதீர்கள். குறைந்தபட்சத் தொகை சேர்ந்த உடனேயே பணத்தை எடுத்துவிடுங்கள், பெரிய தொகையாகச் சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள். கணக்குப் பக்கத்தை மாதந்தோறும் படமெடுத்து வையுங்கள்; நிறுத்திய பிறகு எனக்குப் பழைய வரிசைகள் எதுவும் திறக்கவில்லை. ஒப்பந்தத்தில் "எங்கள் முடிவே இறுதியானது" என்ற வரி எங்கே இருக்கிறது என்று தேடிப் படியுங்கள், நான் படிக்கவில்லை. 26ஏஎஸ்-ஐக் காலாண்டுக்கு ஒருமுறை பாருங்கள். சிறு தொழில் செய்பவர்களுக்கான அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. முன்பே செய்திருந்தால், 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடிப்பவர்கள் மீது 2006ஆம் ஆண்டின் சிறு தொழில் சட்டப்படி முறையிடும் வழியாவது எனக்குக் கிடைத்திருக்கும்.

112 பதிவுகளில் 67இல் அவர்களுடைய இணைப்பை நீக்கிவிட்டேன். ஆடித் தள்ளுபடி தொடங்குவதற்குள் மீதி 45ஐயும் நீக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் என் வாசகர்கள் வாங்கும் ஒவ்வொரு இயந்திரத்திற்கும் அவர்களுக்கே கமிஷன் போய்ச் சேரும். உங்களில் யாருக்காவது "செல்லாத வருகைகள்" என்று இதே வாசகத்தில் கடிதம் வந்திருந்தால், உங்கள் 26ஏஎஸ்-ஐ இன்றே திறந்து பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். சேர்ந்து புகார் கொடுக்கலாம்.