நெக்ஸான் ஈவி, நெக்ஸான் பெட்ரோல்: சென்னையில் வைத்திருக்க எவ்வளவு ஆகிறது?

ஈவி, அதாவது பேட்டரி கார் ஓட்ட கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தான் சார் என்று ஷோரூமில் சொல்வார்கள். தமிழ்நாட்டில் அதை அப்படியே நம்ப வேண்டாம், நம்ம இபி பில் படிப்படியாக ஏறுகிற பில். எங்களிடம் இருப்பது டாடா நெக்ஸான் ஈவி, 45 யூனிட் பேட்டரி. மச்சானிடம் அதே நெக்ஸான், பெட்ரோல் ஆட்டோமேட்டிக். இரண்டுமே பெரும்பாலும் சென்னைக்குள் ஓடுகிற வண்டிகள் என்பதால் ஒப்பிட வசதி.

முதலில் கரண்ட். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை ஓடும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 1,200 கிலோமீட்டர் ஓட்டினால், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்று வைத்தால், இரண்டு மாதத்தில் 400 யூனிட் கூடும். 500-ஐத் தாண்டியதும் மலிவான படிகளின் சலுகையில் ஒரு பகுதி போய்விடுகிறது, மேலே வரும் யூனிட்டுகள் 8 ரூபாயில் தொடங்கி 10 ரூபாய்க்கு மேல் போகின்றன. ஆகமொத்தம் பில் சுமார் 4,000 ரூபாய் கூடும், அதாவது கார் குடிக்கும் யூனிட் ஒவ்வொன்றும் 10 ரூபாய். கிலோமீட்டருக்கு 1.70 வருகிறது. வீட்டில் ஏற்கெனவே இரண்டு ஏசி ஓடினால் இன்னும் கொஞ்சம் கூட.

அதே இரண்டு மாத ஓட்டத்துக்கு, 2,400 கிலோமீட்டருக்கு, பெட்ரோல் வண்டி சிட்டி டிராஃபிக்கில் லிட்டருக்கு 12 கொடுத்தால் (மச்சான் 13 என்பான், விடுங்கள்) 200 லிட்டர், 20,000 ரூபாய். மாதத்துக்கு 8,000 ரூபாய் மிச்சம், ஒரு ரூபாய் கதை இல்லாமலேயே இது நல்ல தொகைதான். ஆனால் மாதம் 400, 500 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு மிச்சம் மூவாயிரம் சொச்சம்தான், அதற்காக ஈவி வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வாங்கும் விலையில் வேரியன்ட்டைப் பொறுத்து ஈவி மூன்று லட்சம் போல அதிகம். 2025 செப்டம்பரில் சின்ன பெட்ரோல் கார்களின் ஜிஎஸ்டி 18 சதவீதமாக இறங்கியதும் இந்த இடைவெளி கூடிவிட்டது, ஈவிக்கு முன்பிருந்தே 5 சதவீதம்தான். இங்கே கைகொடுப்பது சாலை வரி. 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையுள்ள பெட்ரோல் காருக்குத் தமிழ்நாட்டில் 18 சதவீதம், பத்தரை லட்ச ரூபாய் வண்டிக்குக் கிட்டத்தட்ட 1.9 லட்சம் போய்விடும். பேட்டரி வண்டிக்கு வரி விலக்கு. அரசாணை மூலம் அவ்வப்போது நீட்டிக்கும் சலுகை என்பதால், புக் பண்ணும் நாளில் அமலில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விலக்கு இருந்தால் ஆன்ரோடு வித்தியாசம் ஒரு லட்சத்துச் சொச்சமாகச் சுருங்கிவிடும், ஓட்டம் இருக்கிறவருக்கு ஒன்றரை வருடத்துக்குள் அது திரும்பி வரும். இன்னொன்று, கடன் வட்டிக்கு 80இஇபி வரிச்சலுகை என்று யாராவது சொன்னால் தலையாட்ட வேண்டாம். 2023 மார்ச் 31-க்குள் கடன் அனுமதி வாங்கியவர்களுக்கு மட்டும்தான் அது.

இன்சூரன்ஸில் ஒரு வேடிக்கை. 2022 கட்டணப்படி ஈவிக்கு மூன்றாம் நபர் பிரீமியத்தில் 15 சதவீதத் தள்ளுபடி உண்டு, ஆனாலும் மோட்டார் 65 கிலோவாட்டைத் தாண்டுவதால் நெக்ஸான் ஈவிக்கு 6,712 ரூபாய். 1.2 லிட்டர் பெட்ரோலுக்கு 3,416தான்! வண்டி மதிப்பு அதிகம் என்பதால் சொந்த சேதப் பிரீமியமும் கூடத்தான் வரும்.

சர்வீஸில் ஈவிக்கு எஞ்சின் ஆயில், ஸ்பார்க் பிளக் எதுவும் கிடையாது, பிரேக் பேடும் நாள்பட உழைக்கும். எடை அதிகம், டயர் சீக்கிரம் தேயும். அவ்வளவுதான்.

வெளியூர் ஓட்டம் வேறு கதை. வழியில் ஃபாஸ்ட் சார்ஜரில் ஜிஎஸ்டியோடு யூனிட் 24 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 4 ரூபாய். ஹைவேயில் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 16 கொடுக்கும், 6.30 ரூபாய். மதுரை வரை போனால் ஆயிரம் ரூபாய் மிச்சம், அதற்கு வழியில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். ஆப்பில் பச்சை காட்டிய சார்ஜர் நேரில் போனால் செத்துக் கிடந்த அனுபவமும் உண்டு.

பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்றிருந்த உத்தரவாதத்தை 2025-இல் 45 யூனிட் மாடலின் முதல் உரிமையாளருக்கு நீட்டித்தார்கள். விற்றால் வாங்குபவருக்கு அந்தப் பழைய கணக்குதான், அதனால் மறுவிற்பனையில் இன்னும் பெட்ரோலுக்கே என் ஓட்டு. நான்கு வருடத்துக்கு ஒருமுறை கார் மாற்றுகிறவர்கள் இதை யோசிக்கணும்.

வாடகை வீடு, கார் பார்க்கிங்கில் உங்கள் மீட்டரிலிருந்து 15 ஆம்பியர் பிளக் இழுக்க அசோசியேஷன் விடாது என்றால் பெட்ரோலே எடுங்கள். சொந்த பிளக், தினமும் 40 கிலோமீட்டர் ஓட்டம் இருந்தால் ஈவிதான். அந்தச் சாதா பிளக்கே போதும், தினசரி ஓட்டத்துக்கு ராத்திரி போட்டால் காலைக்குள் ஏறிவிடும்.