நான்கு வாரத்தில் நாயைப் பழக்கித் தருகிறேன் என்பவரிடம் கவனம்

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறோம். எங்கள் கச்சாங்கிற்கு ஐந்து மாதம், தெருவில் கிடைத்த குட்டி. வேகவைத்த கோழி ஈரலைக் காட்டி 'உட்கார்', 'கை கொடு' இரண்டையும் மகளே பழக்கியிருந்தாள். பழைய கைலியின் ஒரு முனையைக் கவ்விக்கொண்டு எங்களோடு மல்லுக்கு நிற்பதுதான் அவனுக்கு உயிர். 'விடு' என்றால் விடுவான். விட்டால்தானே மறுபடி இழுக்கலாம்!

வாரைக் கட்டி நடக்கவிட்டால் மட்டும் என் தோளைப் பிடுங்கிவிடுவான். அதற்காகத்தான் ரவாங் பக்கம், தங்கவைத்துப் பயிற்சி தரும் ஒருவரிடம் நான்கு வாரத்திற்கு 2,800 ரிங்கிட் கொடுத்தேன். முழுப் பணமும் முன்னதாகவே, அவருடைய சொந்த வங்கிக் கணக்கிற்கு. ரசீது கேட்கவில்லை. அந்த மடத்தனம் என்னுடையது.

பார்க்க வரலாமா என்றேன். "உங்களைக் கண்டால் பயிற்சி கெட்டுவிடும் அண்ணே" என்றார். வாரத்திற்கு இரண்டு காணொளி வந்தது. எட்டையும் வரிசையாக ஓட்டிப் பார்த்த மகள் பிறகு சொன்னாள்: "அப்பா, எல்லாவற்றிலும் அதே சட்டை, அதே ஈரத் தரை, அதே சிவப்பு வாளி." ஒரே நாளில் எடுத்ததை ஒரு மாதம் சில்லறையாக அனுப்பியிருக்கிறார்.

திரும்பி வந்த கச்சாங் உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தான். காதுகள் தலையோடு ஒட்டியிருந்தன. தரையில் சிறுநீர் ஓடியது. கழுத்து ரோமத்தை விலக்கினால் சீராக வரிசை பிடித்த புண்கள். உள்பக்கம் முள் வைத்த சங்கிலிப் பட்டையின் தடம் என்றார் கால்நடை மருத்துவர். உட்கார்ந்த கையோடு ஈரல் கிடைத்தால் நாய் இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. சங்கிலிச் சத்தத்தையும் வலியையும் அப்படியேதான். இப்போது என் சாவிக்கொத்து குலுங்கினாலே கட்டிலுக்கு அடியில் ஓடிவிடுகிறான். கைலியை நீட்டினேன். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

யாரிடம் விடுவதானாலும் முதலில் ஒரு வகுப்பை நேரில் பாருங்கள். கழுத்தில் என்ன மாட்டுகிறார் என்று கேளுங்கள். காட்ட மறுத்தால் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். ஏமாந்தவர்கள் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. வதைத்ததற்கு 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் இருக்கிறது. கால்நடைச் சேவைத் துறையில் புகார் கொடுக்க வேண்டும். புண்களின் படங்கள், மருத்துவரின் கடிதம், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டேன்.

நேற்று அவரிடமிருந்து செய்தி வந்தது. செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோமாம். இன்னும் இரண்டு வாரம் விட்டால் சரியாகிவிடுமாம், 1,200 ரிங்கிட்.